எதிரே வரும் வண்டிக்கு இடது எது?

ரிமோட் கார் கட்டித் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு "அது சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேள்வி வரும்.

மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு சந்துக்குள் இந்தக் கடையைப் போட்டேன். திருவிழாக் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் கார் இல்லை இது. சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, மோட்டார் தனி, பல்சக்கரம் தனி என்று வாங்கி, ஒவ்வொன்றாகக் கோத்து, ஓட்டி, உடைத்து, மறுபடி கோக்கிற சமாச்சாரம். கூட வேலை பார்ப்பவர் ஜெயராணி அக்கா. பம்ப் செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒயரைப் பிடித்து வண்டியையே தூக்கலாம்.

கீழே விழுந்த பொடி ஸ்க்ரூவைத் தேடி முட்டிபோட்டுத் தரையைத் தடவியிருக்கிற எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

லாரி டிரைவரும் பூவரச மரமும்

முதல் நாள் ஓட்ட வருகிற எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான். வண்டி நம்மை விட்டு விலகிப் போகும்போது ரிமோட்டில் இருக்கிற சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால், வண்டி நமக்கு வலப்பக்கமாகத் திரும்பும். அதே வண்டி சுற்றிக்கொண்டு நம்மைப் பார்த்து வரும்போது வலப்பக்கம் திருப்பினால், நமக்கு இடப்பக்கமாகப் போய்விடும். வண்டிக்கு அது வலதுதான், நமக்குத்தான் இடது. வாயால் சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது. ரிமோட் கைக்கு வந்ததும் புரிந்தது அத்தனையும் போய்விடுகிறது.

ஆலங்குளத்தில் சிமெண்ட் லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கேரளாவுக்குப் போய்வருகிற ஒரு டிரைவர் வந்தார். மகனுக்கு வாங்குவதாகச் சொன்னார். மகனுக்கு என்று சொல்லி வாங்குகிற பலருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்பதால் நான் மேலே எதுவும் கேட்பதில்லை. கடைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். அந்த மனையில் இருப்பது ஒரே ஒரு பூவரச மரம். போகும்போது அழகாகப் போன வண்டி, திரும்பி வரும்போதெல்லாம் நேராகப் போய் அந்த மரத்தில் முட்டியது. மரத்தை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். அப்போதும் தேடிப்பிடித்து முட்டியது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தாலும் அலுங்காமல் ஒதுங்குகிற மனிதருக்கு இங்கே சட்டை நனைந்துவிட்டது.

முன்பக்க பம்பர் கழன்று விழுந்த பிறகு ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "லாரிய எங்கிட்டும் இடிச்சதில்ல தம்பி. இதுல ஒரே கோளாறு என்னன்னா, இதுக்குள்ள நான் இல்ல."

ராஜபாளையம் நாய்க்கு ஒரு வண்டி

எங்கள் ஊர் நாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையாக, ஒட்டிய வயிறோடு, வீட்டுக்காரரைத் தவிர உலகத்தில் யாரையும் மதிக்காமல் நிற்கும். அப்படி ஒன்றை வளர்க்கிறவர் வந்து, "நாயை ஓட விடணும். எனக்குக் கூட ஓட மூச்சில்ல. இது விரட்டிப் பிடிக்கிற மாதிரி ஒரு வண்டி கட்டிக் குடு" என்றார். எனக்கும் ஆசையாகிவிட்டது. முதல் வண்டியை நாய் ரொம்ப லேசாகப் பிடித்து, மேல் கூட்டை வாயில் கவ்வி வந்து அவர் காலடியில் போட்டது. பல்சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டினேன். அதையும் பிடித்தது. மோட்டாரையே மாற்றினேன். இனி சிறுத்தை வந்தாலும் பிடிக்க முடியாது என்று ஜெயராணி அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டி பழுதா என்று கேட்டேன். இல்லை என்றார். நாய்க்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். அதுவும் இல்லை என்றார். "நாய்க்கு விவரம் தெரிஞ்சுபோச்சு தம்பி. வண்டி எங்க போனாலும் கடைசியில எங்கிட்டதான் வருதுன்னு கண்டுபிடிச்சிட்டு. இப்ப அது ஓடுறதே இல்ல. எம்பக்கத்துல உக்காந்து ரிமோட்டையே பாத்துக்கிட்டு இருக்கு."

மோட்டாருக்குக் கட்டு

பஞ்சாலை ஊரில் கார் ஓட்டுவதில் உள்ள சிக்கல் வேறு ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. காற்றிலேயே பஞ்சு பறக்கும். மில் குடோன் வாசலில் வண்டி ஓட்டும் ஒருவர், மோட்டார் சூடாகி வாடை வருகிறது என்று கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு. அதைப் பிடுங்கிவிட்டு, கரிசல் புழுதியும் பஞ்சும் போகாமல் காற்று மட்டும் போக என்ன வழி என்று யோசித்தோம். சல்லடை வைத்தோம், பஞ்சு போனது. நைலான் துணி கட்டினோம், காற்றே போகவில்லை. கடைசியில் ஜெயராணி அக்கா, பக்கத்துத் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக மடித்து மோட்டாரைச் சுற்றிக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தத் துணி எங்கள் வண்டிக்குள் இன்று வரைக்கும் பிரமாதமாக வேலை செய்கிறது.

வண்டிக்காரர் திரும்ப வந்து, வெள்ளைக் கட்டோடு கிடந்த மோட்டாரைப் பார்த்துத் திகைத்து நின்றார். ஜெயராணி அக்கா ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணும் பயப்படாதீங்க, தையல் போடுற அளவுக்கு இல்ல."

வண்டி போகலாம், ஆள் போகக் கூடாது

இனி சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம் மாரீஸ்வரி. கிருஷ்ணன்கோவிலில் எஞ்சினியரிங் படிக்கும்போது காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் கடைக்கு வந்து, பாறை ஏறுகிற வண்டி ஒன்றை அவளே கட்டினாள். மெதுவாக, விழாமல், எந்தக் கல்லிலும் தொற்றி ஏறுகிற வகை. படித்து முடித்து அங்கேயே லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடைக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் அவளும் நானும் ஜெயராணி அக்காவும் செண்பகத்தோப்புக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். அங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை.

காட்டுக்குள் போகிற பாதையில் ஒரு தடுப்புக் கம்பு போட்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கமே ஓட்டிக்கொண்டிருந்தோம். மாரீஸ்வரியின் வண்டி ஒரு கல்லில் இறங்கி, கம்புக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் வனக்காவலர் வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். சட்டம் எங்கே இருக்கிறது என்று மனிதர் மனத்துக்குள் புரட்டிப் பார்ப்பது எங்களுக்கே தெரிந்தது. அவருக்கும் அது கல்லில் ஏறுவதைப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது, அதை மறைக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து தொண்டையைச் செருமினார். "வண்டி போட்டும். அதுக்குத் தடை ஒண்ணும் போடல. ஆளுதான் இதைத் தாண்டக் கூடாது, நீங்க மூணு பேரும் இங்ஙனயே நில்லுங்க."

தட்டுக்கு ஒரு வண்டி

மாரீஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை கொடுக்க வந்தவள் அதை மேஜையில் வைத்துவிட்டு, "அண்ணே, தாலித் தட்டு என் வண்டியில போகணும். கட்டித் தருவீங்களா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் தட்டில் தேங்காய் வைத்து, அதன் மேல் தாலியை வைத்து, அட்சதை போட்டு மண்டபம் முழுக்கக் கொண்டுபோவார்கள். வந்திருக்கிற பெரியவர்கள் எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் செய்து அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீட்டில் டிரோனில் மாலை இறக்குகிறார்களாம். அதற்குப் பதிலாகப் பெண் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்ற கௌரவத்தில் எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

நானும் அது வெறும் ஆடம்பரம் என்றுதான் நினைத்தேன். ஜெயராணி அக்காதான் அவள் முகத்தைப் பார்த்து, "என்னட்டி விசயம்?" என்று கேட்டார். விஷயம் அவளுடைய அம்மா முத்துலட்சுமி. அப்பா இறந்து வருஷங்கள் ஆகின்றன. தட்டைக் கொண்டுபோகப் போவது மாரீஸ்வரியின் அத்தை, அப்பாவின் தங்கை. புருஷனை இழந்தவர்கள் பக்கம் தட்டு போகக் கூடாது என்பதில் அத்தை கறார். அதைவிட மோசம், அம்மாவே அதை ஒத்துக்கொண்டு, "எனக்கென்ன, நான் பந்தி பாத்துக்கிடுதேன்" என்று சாப்பாட்டு ஹாலுக்குள் ஒதுங்கத் தயாராகிவிட்டதுதான். சண்டை போட்டால் அத்தை கோபித்துக்கொண்டு போவார். அழப்போவது அம்மா. இதை அவள் சொன்னபோது எனக்கு அந்தத் தட்டின் மேலேயே கோபம் வந்தது.

"அம்மா கை படாத தாலி எங்கழுத்துல ஏறக் கூடாதுண்ணே" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "அன்னைக்கு அந்த ஃபாரஸ்ட் கார்டு சார் சொன்னார்ல, ஆளு போகக் கூடாத எடத்துக்கு வண்டி போகலாம்னு."

பெரியப்பாவின் முழங்கால்

திட்டம் எங்கள் மூன்று பேருக்குள் இருந்தது. நான் ஓட்டுவேன். மண்டபத்தின் நடுவில் ஓரிடத்தில் ஸ்டியரிங் கோளாறு மாதிரி வண்டி சாப்பாட்டு ஹால் வாசல் பக்கம் ஓடிவிடும். அம்மா தொடுவார். "மன்னிச்சிருங்க, சிக்னல் போயிருச்சு" என்று நான் சொல்லிவிடுவேன். கெட்ட பேர் கடைக்கு, போகட்டும்.

வேலை ஆரம்பித்த அன்றே மாரீஸ்வரியின் பெரியப்பா குருசாமி வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன், விசைத்தறி வைத்திருப்பவர். அப்பா இடத்தில் நின்று கல்யாணத்தை நடத்துகிறவர் அவர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தாலி தரையோட தரையா, ஆளுக காலடியில போகுமோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. தட்டு, உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அந்த முழங்கால் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அலுமினியக் குழாயில் உயரமாக ஒரு தாங்கி வைத்தால் வண்டி திரும்பும்போது குடை சாய்ந்தது. அச்சை நீட்டி அகலப்படுத்தினோம். வண்டி அடியில் கனம் ஏற்ற, அந்த லாரி டிரைவர் தனக்குத் தெரிந்த பட்டறையில் இருந்து பழைய ஈயக் கட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தேங்காய் உருளாமல் இருக்க ஜெயராணி அக்கா பேண்டேஜ் துணியைச் சுற்றிச் சும்மாடு மாதிரி ஒரு வளையம் செய்தார். தட்டில் தாலிக்குப் பதில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்துச் சந்தில் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் சிந்தியது, திருத்தினோம், சிந்தியது, திருத்தினோம்.

சிந்தாமல் போய்வந்த அன்று பெரியப்பா சந்து முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்து அதில் இருந்த தண்ணீரை அவரே மடமடவென்று குடித்துவிட்டு, "சரி, இனி அதை எங்கிட்டக் குடு, எப்படி ஓடுதுன்னு பாப்போம்" என்றார்.

எட்டு

அன்று பிடித்தது அவருக்கு வண்டிப் பித்து. தறியைப் பார்த்துவிட்டு வருகிறேன், பந்தல்காரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏதாவது ஒரு சாக்கில் கடைக்கு வந்துவிடுவார். அவரும் எல்லாரையும் போலத்தான். வண்டி போகும்போது ராஜா, திரும்பி வரும்போது பூவரச மரம். மரத்துக்கு அவர் மேல் ஏதோ விரோதம் என்று முடிவே கட்டிவிட்டார். அவருக்கும் அந்தப் பாடத்தை நடத்தினேன். எதிரே வரும்போது வலது இடதாகும் அண்ணாச்சி, வெளியே நின்று பார்க்காதீர்கள், வண்டிக்குள் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மனிதர் கண்ணை இடுக்கிக்கொண்டு, தோளைச் சாய்த்து, உடம்பால் வண்டிக்குள் போய் உட்கார்ந்தேவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு காலிப் பால்கோவா டப்பாக்களை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடச் சொன்னேன். லைசென்ஸ் எடுக்கப் போடுவார்களே, அதே எட்டு. எட்டில் பாதி வண்டி போகும், பாதி எதிரே வரும். இடது வலது பழகாமல் எட்டு வராது. டப்பா நசுங்கியது, வேறு டப்பா வைத்தோம். ஒரு நாள் டப்பா அசையாமல் எட்டு முடிந்தது. பிறகு தினமும் முடிந்தது. ஜெயராணி அக்காவே கை தட்டினார்.

அப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, வண்டியில் இருந்து கண்ணை எடுக்காமலே, "தட்டு எதுவரைக்கும் போகும் தம்பி?" என்று கேட்டார். கடைசி வரிசை வரைக்கும், பிறகு குறுக்கு வழியில் வலப்பக்கம் பெரியவர்கள் வரைக்கும் என்றேன். "குறுக்கு வழியில இடப்பக்கம்?" என்றார். சாப்பாட்டு ஹால் வாசல்தான் அண்ணாச்சி என்றேன். திட்டம் தெரிந்துபோனதா, தெரிந்தால் இவரே நிறுத்திவிடுவாரா என்று பயமாக இருந்தது. அவர் இன்னொரு எட்டை நிதானமாகப் போட்டு முடித்துவிட்டு, நெற்றியைத் துண்டால் துடைத்தார். "லைசென்ஸ் எடுக்கையில கூட இம்புட்டு வேர்க்கல."

அத்தை காவல்

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை முகூர்த்தம். மண்டபம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மேடையில் நின்று பார்த்தால் நடுவில் ஒரு நீள வழி, இரண்டு பக்கமும் நாற்காலிகள். அந்த வழியின் பாதித் தூரத்தில் ஒரு குறுக்கு வழி. குறுக்கு வழியில் வலப்பக்கம் போனால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் போனால் சாப்பாட்டு ஹால் வாசல். அந்த வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு உள்ளேயும் பாதி உடம்பு வெளியேயுமாக முத்துலட்சுமி அம்மா நின்றார். பெற்ற மகளின் கல்யாணத்தை அந்த அம்மா எட்டி நின்று பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை.

டிரோன் மாலையை இறக்கியது. கூட்டம் கை தட்டியது. பிறகு நானும் ஜெயராணி அக்காவும் மேடை ஓரத்தில் நிற்க, எங்கள் வண்டி மேடைப் படியின் கீழே இருந்து கிளம்பியதும் கைதட்டல் நின்றுவிட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பூவும் அட்சதையும் தேங்காயும் தாலியுமாகத் தட்டு தானாக நடந்து வருகிறது. அருகே வந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் கணக்கில் வராதது அத்தை. வண்டிதான் போகிறதே, அவர் மேடையில் இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ தட்டில் ஒரு கையை அணைத்தபடி வண்டி கூடவே நடந்தார். நகையை ரிமோட்டை நம்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

வண்டி கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி, நடுவழியில் எங்களைப் பார்த்து வந்தது. குறுக்கு வழி வந்ததும் அத்தை முன்னால் போய், சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியை மறித்து நின்றுகொண்டு, பெரியவர்கள் பக்கம் கையைக் காட்டினார். நான் வண்டியை நிறுத்தினேன். இப்போதுதான் கோளாறு வர வேண்டும். அத்தை மேல் ஏற்றுவதா, தட்டு சாய்ந்தால் என்ன ஆகும் என்று தயங்கினேன். மேடையில் மாரீஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசல் நிலையை ஒட்டி இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பெரியப்பா. "குடுடே. அப்பன் எடத்துல நிக்கேன், ஒரு வளைவாவது நான் ஓட்ட வேண்டாமா?"

எல்லாரும் பார்த்த தப்பு

ரிமோட்டை வாங்கினார். எல்லாருக்கும் தெரியும்படி கையை நன்றாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் இருக்கிற வலப்பக்கம் பார்த்து, சக்கரத்தை வலப்பக்கமே திருப்பினார். வண்டிதான் எதிரே வருகிறதே! அது எங்களுக்கு இடப்பக்கமாகத் திரும்பியது. அத்தை "அய்யய்யோ" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். வண்டி அவரைத் தாண்டி, குறுக்கு வழியில் அலுங்காமல் குலுங்காமல் போய், முத்துலட்சுமி அம்மாவின் முன்னால் நின்றது.

அம்மா பதறிப் பின்னால் போனார். வண்டி அதே அளவுக்கு முன்னால் போனது. இன்னும் பின்னால் போனார், நிலையில் முதுகு முட்டியது. மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. "குருசாமி அண்ணாச்சிக்கு இடது வலது தெரியல" என்று யாரோ கத்தினார்கள். "நான் வலதுதாம்ப்பா திருப்புனேன், அது கேக்க மாட்டேங்கு" என்று பெரியப்பா மேடையில் இருந்து அதைவிடச் சத்தமாகச் சொன்னார். சிரிப்பு இன்னும் கூடியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே மாரீஸ்வரி மணையில் இருந்து எழுந்துவிட்டாள். "அம்மா, வந்த தட்டத் தொடாம அனுப்பக் கூடாது. தொடும்மா" என்றாள்.

அந்த அம்மா இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை. மறுபடியும் துடைத்தார். பிறகு தாலியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கண்ணை மூடி, வெகு நேரம் அப்படியே நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். எனக்குக் கண் மறைத்தது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அழுதேன். ஜெயராணி அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "தண்ணி டம்ளரு வச்சிருந்தாலும் சிந்திருக்காதுய்யா."

பந்தியில்

அம்மா கையை எடுத்த பிறகு நடந்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். இடது வலது தெரியாதவர் ஓட்டிய அந்த வண்டி, ஒரு முழம் பின்னால் வந்து, அந்தக் குறுகிய வழிக்குள் வட்டமடித்துத் திரும்பி, நடுவழியைக் கடந்து, பெரியவர்கள் அத்தனை பேரிடமும் நின்று நின்று போய், மறுபடி நடுவழிக்கு ஏறி எங்களைப் பார்த்து நேர்கோட்டில் வந்து, மேடைப் படியில் முட்டாமல் நின்றது. ஒரு நாற்காலிக் கால்கூடப் படவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் வாசலில் நின்ற அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாலி ஏறியபோது அந்த அம்மா வாசலில் இருந்து நாலடி மண்டபத்துக்குள் வந்திருந்தார்.

பந்தியில் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்குக் கிடைத்தது. எதிர் வரிசையில் அத்தை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணனுக்கு வயசாகிவிட்டது, கண் சரியில்லை, அது தெய்வாதீனமாக நடந்துபோச்சு, யாரை என்ன சொல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டியபடி அப்பளத்தை நொறுக்கினார். நான் அவர் காதருகே குனிந்து, "என்ன அண்ணாச்சி, எதிரே வரும்போது மாறும்னு அம்புட்டுத் தடவை சொல்லியும் மறந்துட்டியளே" என்றேன்.

சாம்பாரை ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார். ஊற்றுகிறவர் நகர்ந்து போகிற வரைக்கும் பொறுத்திருந்தார். "எட்டுப் போட்டவனுக்கு எதுக்க வாரது தெரியாதாடே? ஊருக்கு அது தப்பாவே இருந்துட்டுப் போட்டும், நீ ரசத்துக்கு எடம் வச்சுச் சாப்பிடு."

ஆக, இத்தனை நாள் பல்சக்கரமும் மோட்டாரும் மாற்றி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வண்டி சரியான இடத்துக்குப் போய்ச் சேர, சில சமயம் அதை ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியாது என்று ஊரே நம்ப வேண்டியிருக்கிறது.